வெற்றிலை இதயம்: ஓர் அறுபதாம் கல்யாணத்துக்குச் செய்த அறுபது மடிப்பு அட்டைகள்

இதயம் வைத்த வாழ்த்து அட்டை செய்யலாம் என்று உட்கார்ந்தால் பேச்சு பெரும்பாலும் முத்திரையில்தான் தொடங்கும். எந்த இதயம், என்ன மை, தங்கத்தூள் போடலாமா என்று போகும். மடிப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தாளை இரண்டாக மடக்குவதுதானே என்று விட்டுவிடுகிறோம். 2025 ஆவணியில் சிங்கப்பூரில் நடந்த ஓர் அறுபதாம் கல்யாணத்துக்கு நாங்கள் அட்டை செய்தபோது மடிப்பை முதலில் முடிவு செய்தோம். தாள், முத்திரை, மை எல்லாம் அதற்கப்புறம்தான். அந்த வரிசை எங்கே உதவியது, எங்கே இடறியது என்பதை இங்கே விவரமாக எழுதுகிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும்.

கேட்டது என்ன

உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்கில் சில பெண்கள் சேர்ந்து கைவேலை செய்வோம். அறுபது வயதிலிருந்து எழுபத்தைந்து வயது வரை உள்ளவர்கள்தான் அதிகம். பக்கத்துப் புளோக்கில் இருக்கும் ஒரு பெண் வந்து கேட்டாள்: "அக்கா, அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். வருகிறவர்கள் அப்பா அம்மாவுக்கு நாலு வரி எழுதிக் கொடுக்கிற மாதிரி அட்டை வேணும். இதயம் இருக்கணும், கடையில் வாங்கின மாதிரி இருக்கக் கூடாது."

அவளுடைய அப்பா 1965 ஆகஸ்டு மாதக் கடைசியில் பிறந்தவர். சிங்கப்பூர் தனி நாடாகி மூன்று வாரம்கூட ஆகாத நேரம். தமிழ் ஆண்டு வட்டத்தில் அது விசுவாவசு. அறுபது ஆண்டுகள் சுற்றி 2025 சித்திரையில் மறுபடி விசுவாவசு பிறந்தது. பிறந்த ஆண்டின் பெயர் திரும்பி வருவதுதான் அறுபதாம் கல்யாணத்தின் கணக்கு. ஆக 1965இன் விசுவாவசு முதல் 2024இன் குரோதி வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் அட்டை, மொத்தம் அறுபது. வருகிறவர்கள் தங்களுக்கு அவரைத் தெரிந்த ஆண்டை எடுத்து எழுதுவார்கள். இந்த யோசனை அந்தப் பெண்ணுடையது. கேட்டதுமே எனக்குப் பிடித்துப்போனது.

ஆனால் வீட்டில் ஒரு தடை வந்தது. இதயம் என்றதும் அவளுடைய அம்மா தயங்கினார். பிப்ரவரியில் கடைத்தொகுதிகளில் தொங்குகிற சிவப்பு இதயங்கள் அவர் கண்ணில் வந்து நின்றிருக்க வேண்டும். பேரப்பிள்ளை எடுத்தவர்களுக்கு இதெல்லாம் வேண்டாமே என்றார். அந்தத் தயக்கத்தை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அட்டை போய்ச் சேர்வது அவர் கைக்குத்தான். அவருக்குக் கூச்சம் தருகிற அட்டையை எவ்வளவு அழகாகச் செய்தும் பயனில்லை.

அப்பாவின் அக்கா, அந்தப் பெண்ணுக்கு அத்தை, தாம்பூலத் தட்டுக்கு என்ன வாங்குவது என்று அப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "இதயம்தானே வேணும்? வெற்றிலையைப் பாரும்மா, அதுக்கு மேல ஒரு இதயமா?" என்றார். அதோடு வடிவம் முடிவானது. மடிப்பும் அதே நொடியில் முடிவானது. வெற்றிலைக்கு நடுநரம்பு உண்டு. தாம்பூலம் போடுகிறவர்கள் இலையை மடிப்பது அந்த நரம்பையொட்டித்தான். அட்டையின் மடிப்பும் அதே கோடாக இருந்தால் மூடியபோது பாதி இலை தெரியும், திறந்தால் முழு இதயம் தெரியும். ஒட்டு வேலையே இல்லை, ஒரே தாள்.

வேறு மடிப்புகளையும் பார்க்காமல் இல்லை. இரு பக்கமும் கதவு போலத் திறப்பது அழகாக இருக்கும், ஆனால் எழுதும் இடம் மூன்றாகத் துண்டுபடும். திறந்ததும் எழுந்து நிற்கும் இதயத்தைக் குழந்தைகள் ரசிப்பார்கள். மடியில் வைத்து எழுத வருகிற எழுபது வயதுப் பெரியவருக்கு அது கையைத் தடுக்கும். டென்மார்க்கில் கிறிஸ்துமஸுக்கு இரு நிறத் தாள்களைப் பின்னி இதயப் பை செய்வார்கள். அதன் மேல் எனக்குப் பெரிய ஆசை உண்டு. ஆனாலும் அது எதையாவது உள்ளே போட்டு வைக்கிற பைதான், எழுதுவதற்கு ஏற்றதில்லை.

இலையிலிருந்து அச்சு

இதயம் வரையப் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு சதுரத்தை முனை கீழே வருமாறு சாய்த்து வையுங்கள். மேலே இருக்கும் இரண்டு பக்கங்களிலும், அந்தப் பக்கமே விட்டமாக, ஓர் அரைவட்டம் வரையுங்கள். அவ்வளவுதான், இதயம். 5 சென்டிமீட்டர் சதுரம் எடுத்தால் இதயம் ஏறத்தாழ 8.5 சென்டிமீட்டர் அகலமும் 7.8 சென்டிமீட்டர் உயரமும் வரும். அதாவது உயரத்தைவிட அகலம் கூடுதல். அந்த அம்மா கூச்சப்பட்ட கடை இதயம் இதுதான்.

வெற்றிலையில் இது தலைகீழ். தேக்கா சந்தையில் வாங்கிவந்த இலைகளைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தால் உயரம் அகலத்தை மிஞ்சியது. காம்பு சேரும் இடத்தில் பள்ளம் ஆழமில்லாமல் இருந்தது. கீழே நுனி கொஞ்சம் நீண்டு கூர்ந்தது. இந்த மூன்றும் சேர்ந்துதான் அதை வெற்றிலையாகக் காட்டுகின்றன. நுனியை மட்டும் மழுக்கிவிட்டால் மறுபடி காதலர் தின அட்டையாகிவிடும். 14 சென்டிமீட்டர் உயரம், திறந்தால் 13 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டோம். இலையை நடுநரம்பில் மடித்து, அதன் பாதியை மட்டும் கெட்டி அட்டையில் வரைந்து வெட்டிக்கொண்டால் அதுதான் அச்சு. மடித்த தாளின் மடிப்பில் இந்தப் பாதி அச்சை வைத்து, இரண்டு அடுக்கையும் ஒன்றாக வெட்ட வேண்டும். திறந்தால் இரு பக்கமும் ஒரு மயிரிழைகூடப் பிசகாது. பாலர் பள்ளியில் எல்லாரும் செய்த வேலைதான், அதைவிட நம்பகமான வழி இன்னும் வரவில்லை.

தாள்

இந்த வேலையில் அதிகம் கற்றுக்கொள்ள இருப்பது தாளில்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வாழ்த்து அட்டைக்கு வழக்கமாக 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் எடுப்பார்கள். நாங்கள் 200 எடுத்தோம். வெட்டும்போது இரண்டு அடுக்கு சேருவதால் கத்தரிக்கு அது 400க்குச் சமம். மூட்டுவலி உள்ள விரல்களால் அதற்கு மேல் வளைவு வெட்ட முடியாது. 250இல் சோதித்த அட்டைகள் விறைப்பாக, பார்க்க நன்றாகவே இருந்தன. ஆனால் வளைவில் கத்தரி நின்று நின்று போனதால் விளிம்பு பல்பல்லாக வந்தது. செய்கிறவர்களின் கைக்கு ஏற்ற தாளே சரியான தாள் என்பது என் கருத்து. வெட்டும்போது கத்தரியை ஒரே நிலையில் வைத்துத் தாளைத் திருப்புங்கள், வளைவு வழுவழுப்பாக வரும்.

அடுத்தது இழை. ஆலையில் தாள் தயாராகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிகின்றன. அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும், குறுக்கே மடித்தால் மேல்புறம் வெடித்து வெள்ளையாக நார் தெரியும். கடையில் வெட்டி விற்கும் ஏ4 தாளில் இழை பெரும்பாலும் 297 மில்லிமீட்டர் பக்கத்தையொட்டி ஓடும். இப்போது அதை எப்படிப் பாதியாக வெட்டுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. நீளப் பக்கத்தைப் பாதியாக்கி இரண்டு ஏ5 துண்டுகள் எடுத்து, அவற்றை ஏ6 அளவுக்கு மடித்தால் மடிப்பு இழையோடு ஓடும். அதே ஏ4ஐ நெட்டுவாக்கில் இரண்டு நீளப் பட்டைகளாக வெட்டி மடித்தாலும் அதே ஏ6 அளவுதான் கிடைக்கும், ஆனால் மடிப்பு இழைக்குக் குறுக்கே விழும். அளவில் ஒன்றான இரண்டு அட்டைகளில் ஒன்று மட்டும் வெடிப்பதற்குக் காரணம் இதுதான். எங்கள் அட்டையில் நடுநரம்பே மடிப்பு என்பதால் அங்கே வெடித்தால் ஒளிக்க வழியே கிடையாது.

பெரிய தாளாக வாங்கினால் இழை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தாளை மடிப்பு விழாதபடி மெல்ல வளைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். ஒரு பக்கம் எளிதாக வளையும், இன்னொரு பக்கம் எதிர்த்து நிற்கும். எளிதாக வளையும்போது மடிப்புக் கோடு எந்தத் திசையில் விழுமோ, அந்தத் திசையில்தான் இழை ஓடுகிறது. பிராஸ் பாசா காம்பிளெக்ஸில் ஓவியப் பொருள் விற்கும் கடையில் தாள் வாங்கும்போது நான் கையோடு இதைச் செய்து பார்ப்பேன், கடைக்காரர்கள் தவறாக நினைப்பதில்லை.

மடிப்பதற்கு முன் கோடு அழுத்த வேண்டும். போன் ஃபோல்டர் என்று தட்டையாக, முனை மழுங்கலாக ஒரு கருவி விற்கிறது. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவும் அளவுகோலும் இருந்தால் போதும். அழுத்திய பக்கத்தில் பள்ளமும் மறுபக்கத்தில் மேடும் விழும். பலர் பள்ளத்துக்குள்ளே மடிக்கிறார்கள், பார்க்க அதுதான் இயல்பாகத் தோன்றும். ஆனால் மேடு மடிப்பின் உள்ளே போகுமாறு மடித்தால்தான் வெளித்தோல் இழுபட்டுக் கிழியாமல் இருக்கும். அச்சகத்தில் அட்டை மடிப்பவர்கள் அப்படித்தான் மடிப்பார்கள்.

ஒவ்வோர் ஏ5 துண்டிலும் இலை போக இரு ஓரத்திலும் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தாள் மிஞ்சும். அதில்தான் ஆண்டுப் பெயர்ச் சீட்டுகளை வெட்டினோம்.

நரம்பு முத்திரை

வெற்றிலையின் நரம்புகள் காம்புப் பக்கத்திலிருந்து கிளம்பி வளைந்து நுனியை நோக்கிப் போகும். அவற்றை உள்பக்கம் வெளிர்பச்சையில் அடிப்பது திட்டம். கடையில் இப்படி முத்திரை கிடைக்காது, செதுக்கத்தான் வேண்டும். செதுக்குவதற்கென்றே விற்கும் மென்மையான ரப்பர் பலகையை எடுத்துக்கொண்டோம். பெரிய பள்ளிக்கூட அழிப்பான்களிலும் செய்யலாம். வி வடிவ முனையுள்ள சிறு உளியால் நரம்பைச் சுற்றி உள்ள இடத்தைக் கழித்துவிட்டால் நரம்பு மட்டும் மேடாக நிற்கும். உளி போகும் பாதையில் விரல் இருக்கக் கூடாது. வளைவு வரும்போது உளியை அப்படியே பிடித்துக்கொண்டு ரப்பரைத் திருப்ப வேண்டும்.

பாதி இலைக்குத்தான் முத்திரை. மறுபாதிக்கு அதன் கண்ணாடி வடிவம் வேண்டும், அதே முத்திரையைத் திருப்பி வைத்தால் வராது. இரண்டாவது ஒன்று செதுக்கலாம், ஆனால் இரண்டும் நூல் பிடித்தாற்போல் ஒத்துப்போவது கடினம். இங்கேதான் மடிப்பு கைகொடுத்தது. ஒரு பாதியில் முத்திரை அடித்து, மை ஈரமாக இருக்கும்போதே அட்டையை மூடி, வெளியிலிருந்து கரண்டியின் முதுகால் தேய்த்தால் மறுபாதியில் அதே நரம்புகள் கண்ணாடியில் பார்த்தாற்போல் பதிந்துவிடும். கொஞ்சம் வெளிறித்தான் பதியும். இலையில் வெயில் படும் பக்கமும் படாத பக்கமும் போல இருக்கிறது என்று பெரியம்மா ஒருவர் சொன்னார். அந்த வேறுபாட்டை அப்படியே விட்டுவிட்டோம்.

இதற்கு எந்த மையும் ஆகாது. டை மை, அதாவது சாய மை, தாளுக்குள் உறிஞ்சி உடனே காய்ந்துவிடும். மூடித் தேய்த்தாலும் மறுபக்கம் ஒன்றும் வராது. பிக்மென்ட் மையில் நிறத்துகள்கள் தாளின் மேலேயே தங்கும், மெல்லக் காயும். நம் ஊர்க் காற்று அதை இன்னும் மெதுவாக்கும். சிங்கப்பூரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகலில்தான் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். அட்டை செய்கிற எல்லாரும் இங்கே இந்த ஈரத்தைத் திட்டிக்கொண்டே இருப்போம். கண்ணாடிப் பதிவுக்கு மட்டும் அது நமக்குச் சாதகம். காலையில் அடித்தால் அவசரமே இல்லாமல் மூடித் தேய்க்க நேரம் கிடைத்தது.

பதிந்ததும் அதே ஈரம் எதிரியாகிவிடும். காய்வதற்கு முன் மூடினால் மை மறுபடி ஒட்டி நரம்பு இரட்டையாகத் தெரியும். அதனால் எல்லா அட்டைகளையும் திறந்தபடி ஏர்கான் அறையில் பரப்பி வைத்தோம். ஏர்கான் குளிர்விப்பதோடு காற்றின் ஈரத்தையும் எடுத்துவிடுகிறது, அதனால் இரவு முழுக்க விட்டால் காய்ந்துவிடும். அவசரமாக இருந்தால் ஹீட் கன் என்கிற, சூடான காற்று ஊதும் கருவியால் மெல்லச் சூடு காட்டலாம். சூடு ஒரே இடத்தில் நின்றால் தாள் வளையும்.

நிறத்தில் ஒன்று சொல்ல வேண்டும். முத்திரை வேலையில் கோட்டுருவத்துக்குக் கறுப்பு மைதான் வழக்கம். நல்ல காரியத்துக்குப் போகும் அட்டையில் கறுப்பைக் கேட்டிருந்தாலே அத்தை மறுத்திருப்பார், நானும் கேட்கவில்லை. வெளிப்பக்கம் முன்னட்டையில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இதயம், குங்கும நிறத்தில். அதன் மேல் எம்பாஸிங் தூள், அதாவது சூட்டில் உருகி மேடாக நிற்கும் தூள், தூவி உருக்கினோம். முத்திரை அடிப்பதற்கு முன் தாளின் மேல் துணியில் கட்டிய முகப்பவுடரை ஒற்றி எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஈரத்தாளில் தூள் கண்ட இடத்தில் ஒட்டிப் புள்ளி புள்ளியாக உருகும். இந்த வேலையைத் தாள் தட்டையாக இருக்கும்போதே, மடிப்பதற்கு முன் முடித்துவிட வேண்டும். சூட்டில் வளைந்த தாளைப் புத்தகங்களுக்கு அடியில் வைத்து நேராக்கி, அப்புறம் கோடு அழுத்தினோம்.

எழுத்து

பின்பக்கத்தில் தம்பதியின் பெயரையும் "அறுபதாம் கல்யாணம்" என்பதையும் அடிக்க ஒரு முத்திரை செய்யக் கொடுத்திருந்தாள் அந்தப் பெண். வந்தது ஒரு கடையிலிருந்து, பெயர் வேண்டாம். கணினியில் பார்த்தபோது நன்றாக இருந்த எழுத்து, ரப்பரில் மோசமாக வந்திருந்தது. தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். ணகரத்தின் சுழிக்குள் மை அடைத்துக்கொண்டது. மெய்யெழுத்தின் புள்ளிகள் சில இடங்களில் ரப்பரிலேயே இல்லை, சில இடங்களில் எழுத்தோடு சேர்ந்துவிட்டன. புள்ளி போனால் பெயரே மாறிப்போகும். ஆங்கில எழுத்துக்குப் பழகிய அளவுகளைத் தமிழுக்கும் அப்படியே வைப்பதால் வருகிற கோளாறு இது. ஒரே தடிமனில் கோடு உள்ள எழுத்துருவை எடுத்து, எழுத்து உயரம் 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வைத்து, புள்ளியைத் தனியாகப் பெரிதாக்கி மறுபடி செய்யக் கொடுத்தாள். அது சரியாக வந்தது. மை வைக்கும் முறையும் முக்கியம். முத்திரையை மைப்பெட்டியில் போட்டு அமுக்கினால் சுழி அடைக்கும். முத்திரையை ரப்பர் பக்கம் மேலே இருக்குமாறு வைத்துவிட்டு மைப்பெட்டியால் மேலே தட்டினால் மேட்டில் மட்டும் மை ஏறும்.

வீட்டிலேயே எழுத்தைச் செதுக்க நினைத்தால், தாளில் நேராகப் பென்சிலால் எழுதி, கவிழ்த்து ரப்பரில் தேய்த்துவிடுங்கள். ரப்பரில் தானாகவே திரும்பி விழும். அடித்தால் நேராக வரும்.

ஆண்டுப் பெயர்களைக் கையால் எழுதினோம். எங்கள் குழுவில் முன்பு தமிழாசிரியராக இருந்த ஒரு பெரியம்மாவின் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அறுபதையும் அவரே எழுதினார். சீட்டில் தமிழ்ப் பெயரும் ஆங்கில ஆண்டும் சேர்ந்தே வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவர்தான். பிரபவ என்றால் யாருக்கும் நினைவு வராது, பிரபவ 1987-88 என்றால் வரும். ஏப்ரல் நடுவில் ஆண்டு மாறுவதால் இரண்டு ஆண்டையும் போட வேண்டியிருந்தது. ராட்சச, துன்மதி போன்ற பெயர்களை வாழ்த்தில் எழுதலாமா என்று ஒரு பேச்சு எழுந்தது. பெரியம்மா அதற்கு இடம் தரவில்லை. அவர் வாழ்ந்த ஆண்டுகள் அவை, ஒன்றையும் விட முடியாது என்றார். சீட்டை முன்பக்கத்தில் ஒட்டாமல் நூலில் கோத்துக் காம்பு இருக்கும் இடத்தில் தொங்கவிட்டோம். எல்லாருக்கும் சம்மதமாக இருந்தது.

யார் எதைச் செய்வது

அமெரிக்காவில் மாசசூசெட்ஸைச் சேர்ந்த எஸ்தர் ஹவ்லண்ட் 1840களின் கடைசியில் தன் வீட்டிலேயே காதலர் தின அட்டைகள் செய்து விற்கத் தொடங்கியவர். தோழிகளை உட்கார வைத்து, ஒருவர் வெட்ட, ஒருவர் அடுக்க, ஒருவர் ஒட்ட என்று வேலையைப் பிரித்தார். கையால் செய்கிற அட்டையைப் பெரிய எண்ணிக்கையில் செய்ய முடியும் என்று காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். நாங்களும் அந்த வழியில்தான் யோசித்தோம். கோடு அழுத்துவதும் மடிப்பதும் கண் நன்றாகத் தெரிகிற இரண்டு பேருக்கு, வெட்டுவது விரல் வலுவுள்ளவர்களுக்கு. இதுவரை பிரிவினை நன்றாகவே போனது.

முத்திரை அடிப்பதை மட்டும் பிரிக்கவில்லை. அத்தை முதல் அட்டையில் தானே அடிக்க வேண்டும் என்றார், அது அவருடைய தம்பி பிறந்த ஆண்டு. அப்புறம் ஒவ்வொருவரும் ஓர் ஆண்டைப் பிடித்துக்கொண்டார்கள். தன் மகள் பிறந்த ஆண்டு, வீடு வாங்கிக் குடிவந்த ஆண்டு என்று. அட்டைக்காரரைத் தெரியாதவர்கள்கூட அந்த ஆண்டில் தாங்கள் எங்கே இருந்தோம் என்று சொல்லிக்கொண்டே அடித்தார்கள். வேலை மெதுவானது, முத்திரை ஒன்றுபோல் வரவில்லை. கை நடுங்கும் ஒருவரின் அட்டையில் நரம்பு சற்று அலைந்திருந்தது. ஒரே சீராக வேண்டுமென்றால் அச்சகத்துக்குக் கொடுத்திருக்கலாம். எந்த இரண்டு வெற்றிலையும் ஒன்றுபோல் இருப்பதில்லை, எனக்கு அந்த அலைச்சல்தான் பிடித்திருந்தது.

மண்டபத்தில்

அட்டைகளை ஆண்டு வரிசையில் ஒரு நீள மேசையில் அடுக்கியிருந்தார்கள். பேனாவுக்கு நாங்கள் சோதனை செய்து வைத்திருந்தோம். ஜெல் பேனா வெளிப்பக்கத்து எம்பாஸிங் மேல் பட்டால் காயாமல் இழுக்கும். சாதாரண பால்பாயிண்ட் உள்பக்கத்தில், நரம்பின் மேலும்கூட, தடையில்லாமல் எழுதியது. அதனால் பால்பாயிண்ட், நீல மை.

ஒருவர் ஓர் அட்டை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் நரம்புகள் உள்பக்கத்தைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்திருந்தன. ஒரு குடும்பமாக வந்தவர்கள் ஆளுக்கோர் அறையை எடுத்துக்கொண்டார்கள். பாட்டி மேலே எழுத, பேரன் நுனிப் பக்கம் எழுதினான். முழு வெற்றுத் தாளைப் பார்த்தால் "வாழ்த்துகள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள், நாலு விரல் இடத்தை நிரப்ப வேண்டும் என்றால் நின்று யோசிக்கிறார்கள். நரம்பு போட்டது அழகுக்காகத்தான். எழுத வைப்பதற்கும் அது உதவும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இனி நான் செய்கிற எந்த அட்டையிலும் எழுதும் இடத்தை இப்படிப் பிரித்துத்தான் வைப்பேன்.

பிரபவ அட்டைக்குப் போட்டியே இருந்தது. 1987 நவம்பர் 7ஆம் தேதி இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை முதல் எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியது. அந்த முதல் வாரத்தில் வேலையிட நண்பர்கள் எல்லாரும் அவரோடு சேர்ந்து ரயில் ஏறிப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் அத்தனை பேரும் ஒரே இலையில் நெருக்கி எழுதினார்கள். சார்வரி, அதாவது 2020, அட்டையில் நேரில் பார்க்க முடியாமல் இருந்த மாதங்களைப் பற்றி ஜொகூர் பாருவிலிருந்து வந்த தம்பி மகன் எழுதினான்.

முதல் சில அட்டைகள் நெடுநேரம் காலியாகவே இருந்தன. அவரைக் கைக்குழந்தையாகப் பார்த்தவர்கள் எத்தனை பேர் மிச்சமிருக்கிறார்கள்? அத்தை ஒருவர்தான். பந்தி முடிந்ததும் அவர் மேசையில் உட்கார்ந்து, விசுவாவசு முதல் சாதாரண வரை, ஆறு இலைகளையும் தானே நிரப்பினார். தொட்டிலில் ஆட்டியது, கம்போங் (கிராமத்து) வீட்டில் வெள்ளம் புகுந்தபோது தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றது என்று அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. அந்த அம்மா, இதயம் வேண்டாம் என்று தயங்கியவர், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார். தன் கணவரின் அந்த ஆண்டுகள் அவருக்கும் புதியவை.

பிறகு வந்த பழுது

அட்டைகள் அந்த வீட்டில் அடிக்கடி திறக்கப்படுகின்றன, அதனால் இலை நுனியில் சிலவற்றில் மடிப்பு கிழிந்தது. மடிப்பு முடியும் இடமும் இலை குறுகும் இடமும் அங்கே ஒன்றாகின்றன. எல்லா இழுப்பும் அந்த ஒரு புள்ளியில் விழுகிறது. வடிவத்தில் இருக்கும் பலவீனம் இது. அடுத்த முறை நுனியை மடிப்புக் கோட்டிலிருந்து கொஞ்சம் ஒரு பக்கமாக வளைத்து வரைய வேண்டும். உண்மையான வெற்றிலைகள் பலவற்றில் நுனி அப்படித்தான் ஒதுங்கியிருக்கும். மூடும்போது நுனி ஒற்றை அடுக்காக நீண்டிருக்கும், ஆனால் மடிப்பு அதற்கு முன்பே முடிந்துவிடும்.

கிழிந்தவற்றை ஒட்டுநாடாவால் ஒட்ட வேண்டாம் என்று சொல்லி வாங்கிவந்தேன். ஒட்டுநாடா காலப்போக்கில் மஞ்சளாகும், பசை தாளுக்குள் இறங்கும். நீளமான நார் உள்ள மெல்லிய ஜப்பானியத் தாளை ஒரு விரற்கடை அகலத்தில், வெட்டாமல் கையால் கிழித்து எடுக்க வேண்டும். கிழித்த ஓரத்தில் நார் பிசிறு இருப்பதால் அது அட்டையோடு கலந்துவிடும். பசைக்கு மைதா மாவைத் தண்ணீரில் நீர்க்கக் காய்ச்சி, ஆறியதும் தூரிகையால் மெல்லப் பூசினேன். பழைய காலத்துப் புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்க மைதா பசையில் துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, பேரப்பிள்ளைகள் எடுத்துப் பார்க்கும் அட்டைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பதில் ராமபாணப் பூச்சி அண்டாமல் இருக்க, இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கச் சொல்லியிருக்கிறேன். பொட்டலங்களை அவ்வப்போது மாற்ற வேண்டும், இந்த ஊர் ஈரத்தில் அவை சீக்கிரம் நிரம்பிவிடும்.

அத்தை எல்லா அட்டைக்கும் ஓரத்தில் மஞ்சள் தடவ வேண்டும் என்றார், பத்திரிகைக்குத் தடவுவது போல. மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் நாளடைவில் போய்விடும் என்றேன். தடவுவதுதான் முக்கியம், நிற்பது முக்கியமில்லை என்று சொல்லிவிட்டார். அதனால் ஒவ்வொன்றிலும் காம்புப் பக்கம் ஒரு பொட்டு மஞ்சள் இருக்கிறது. அந்த வீட்டுக்கு மறுபடி அட்டை கேட்கிறார்கள், இந்த முறை மகளின் கல்யாணத்துக்கு. வெற்றிலையே போதும் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். நுனி வளைந்த புதிய அச்சை வெட்டி வைத்திருக்கிறேன்.